ஓடிப்போன தாத்தாவின் கதையை எழுத உட்காருபவர்களுக்கு

நிறையக் குடும்பங்களில் ஒரு தாத்தா இருப்பார், அவரைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்தான் புழக்கத்தில் இருக்கும். "குடிச்சே சொத்தை அழிச்சார்." "கப்பலேறிப் போனவர் அங்கேயே இன்னொரு குடும்பம் வச்சுக்கிட்டார்." "அந்த மனுஷன் பேச்சை இந்த வீட்டுல எடுக்காதே." அப்பா கையெழுத்துப் போடும்போது முன்னால் நிற்கும் எழுத்து அவருடையதுதான், ஆனால் கூடத்தில் மாட்டியிருக்கும் படங்களில் அவர் இருக்க மாட்டார். குடும்ப வரலாறு எழுத உட்காருகிற பேரனோ பேத்தியோ இந்த இடத்துக்கு வந்ததும் தயங்கி, அவரைத் தாண்டிக் கொள்ளுத்தாத்தாவிடம் போய்விடுவார்கள். தாண்டாதீர்கள். அந்த ஒரு வாக்கியத்தைப் பிரித்து, எது எந்த வருஷம் நடந்தது, யார் கண்ணால் பார்த்தது, யார் கேள்விப்பட்டது என்று அடுக்கினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

எனக்குத் தெரிந்தது கீழத்தஞ்சையும் அங்கிருந்து மலாயா போனவர்களும். எங்கள் தாத்தா அவர்களில் ஒருவர். 1930களில் ரப்பர் தோட்டத்துக்குப் போனார், இரண்டாம் உலகச் சண்டை முடிந்து திரும்பி வந்தார், குடித்தார், பாட்டியை அடித்தார், நிலத்தை அடமானம் வைத்தார், மறுபடி கப்பலேறினார், அப்புறம் வரவே இல்லை. கொழும்பு, ரங்கூன் போனவர்களுக்கும், எங்கேயும் போகாமல் பக்கத்து டவுனிலேயே வேறு வீடு பிடித்துத் தங்கிவிட்டவர்களுக்கும் வழி இதேதான், தேதிகள்தான் மாறும்.

யாரிடம், எப்படிக் கேட்பது

அவரால் அதிகம் பட்டவர் உயிரோடு இருந்தால் முதலில் அவரிடம் போங்கள். தகவல் கேட்க வேண்டாம், சம்மதம் கேளுங்கள். பாட்டி வேண்டாம் என்று சொன்னால் அவர் இருக்கும்வரை எழுதுவதை நிறுத்தி வைத்துவிட்டு, காகிதங்களை மட்டும் சேர்த்து வைக்கலாம். அவருடைய வாழ்க்கையும்தான் அந்தக் கதைக்குள் இருக்கிறது, அதைத் திறப்பதா வேண்டாமா என்று சொல்லும் உரிமை நம்மைவிட அவருக்கு அதிகம்.

பேச்சைப் பொறுத்தவரை மூத்த பெண்பிள்ளைகளை விடாதீர்கள். கட்டிக்கொடுத்துப் போன பெரிய அத்தை தாத்தாவைப் பார்த்து வளர்ந்தவராக இருப்பார், கடைசிப் பிள்ளையான அப்பாவோ சித்தப்பாவோ பெரும்பாலும் பாட்டி சொல்லக் கேட்டதைத்தான் சொல்வார்கள். இரண்டுமே வேண்டும், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அத்தையிடம் ஆண்கள் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது கேட்டால் ஒன்றும் வராது. மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம், அவர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கும் நேரத்தில் நீங்களும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். செல்போனில் பதிவு செய்வதாக இருந்தால் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், மறைத்துப் பதிவு செய்து பின்னால் தெரிய வந்தால் அந்தக் கதவு அப்புறம் திறக்காது.

"தாத்தா ஏன் போனார்?" என்று ஆரம்பிக்காதீர்கள். அதற்குப் பதில் அந்தப் பழைய ஒற்றை வாக்கியம்தான். சின்னச் சின்னதாகக் கேளுங்கள். வீட்டில் இருந்தபோது எங்கே படுப்பார்? அவருக்குச் சோறு போட்டது யார்? கூலி வாங்கினால் யார் கையில் கொடுப்பார்? அவர் வரும் சத்தம் கேட்டதும் நீங்கள் எங்கே போவீர்கள்? எங்கள் பெரிய அத்தை இப்படிக் கேட்டபோதுதான் சொன்னார், தாத்தா ஒருநாளும் உள்ளே படுத்ததில்லை, மழையிலும் திண்ணைதான், பிள்ளைகள் தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைத்தாலும் கை ஓங்கிவிடுவார் என்று. குடிக்காத நாளிலும் அப்படித்தானாம். ‘குடிகாரர்’ என்ற ஒரு சொல்லுக்குள் அடங்காத ஆள் அங்கே தெரிய ஆரம்பித்தார்.

சடங்குகளைப் பற்றிக் கேட்பதும் நல்ல பலன் தரும். கருமாதி செய்தது யார், கொள்ளி வைத்தது யார், திதி கொடுக்கிறார்களா, கொடுத்தால் எந்தத் திதியில், இல்லை திதி தெரியாமல் மகாளய அமாவாசையோடு சேர்த்துக் கொடுக்கிறார்களா. பாட்டி தாலியைக் கழற்றியது எப்போது? செய்தி வந்த பிறகா, செய்தியே வராமல் ஒருநாள் தானாகவா? பிள்ளைகளின் கல்யாணப் பத்திரிகைகளைத் தேடிப் பாருங்கள். அவர் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது, பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ போட்டிருக்கிறார்களா, பத்திரிகையைத் தாய்மாமன் பெயரில் அடித்திருக்கிறார்களா என்பதிலேயே அந்த வருஷத்தில் குடும்பம் அவரை எந்த இடத்தில் வைத்திருந்தது என்று தெரிந்துவிடும்.

வருஷம் கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது, அதனால் சம்பவத்தை வைத்துக் கேளுங்கள். புயலுக்கு முன்னாலா பின்னாலா? எங்கள் பக்கத்தில் 1952, 1955, 1977 என்று பல புயல்கள் உண்டு, எந்தப் புயல் என்று மறுபடி கேட்க வேண்டும். அரியலூர் ரயில் கவிழ்ந்தபோது இருந்தாரா? அது 1956 நவம்பர். அண்ணா இறந்தபோது? 1969 பிப்ரவரி. இப்படி இரண்டு ஆணிகளுக்கு நடுவில் ஒரு நிகழ்ச்சியைப் பிடித்துவிட்டால் போதும்.

கேட்டுக்கொண்டே போகும்போது யாராவது சட்டென்று பேச்சை நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள். அடி உதையைத் தாண்டிய விஷயங்கள் சில வீடுகளில் நடந்திருக்கும். அதைத் தோண்டி எடுப்பது நம் வேலை இல்லை.

நோட்டுப் புத்தகம்

ஒரு பக்கத்துக்கு ஒரு வருஷம். இடது ஓரத்தில் மாதம் தெரிந்தால் மாதம், நடுவில் நடந்தது, வலது ஓரத்தில் அது எங்கிருந்து வந்தது: ‘பத்திரம்’, ‘அத்தை பார்த்தது’, ‘அப்பா, பாட்டி சொல்லக் கேட்டது’, ‘ஊர்ப்பேச்சு’. வலது ஓரம் காலியாக இருக்கும் எதையும் எழுதக் கூடாது. பிறகு அதே பக்கத்தின் அடியில், அந்த வருஷம் அவர் இருந்த நாட்டில் பொதுவாக என்ன நடந்தது என்று எழுதுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் தாத்தாவின் கதை மாறுவது இங்கேதான்.

எங்கள் வீட்டில் தாத்தா மேல் உள்ள பெரிய குற்றச்சாட்டு, "மூணு வருஷத்துக்கு மேல ஒரு காயிதம் கிடையாது, ஒரு மணியார்டர் கிடையாது, இங்க பிள்ளைங்க கஞ்சிக்கு அலைஞ்சுது" என்பது. தேதியை வைத்துப் பாருங்கள். ஜப்பான்காரன் மலாயாவில் இறங்கியது 1941 டிசம்பர் 8. சிங்கப்பூர் விழுந்தது 1942 பிப்ரவரி 15. பிரிட்டிஷார் திரும்பி வந்தது 1945 செப்டம்பர். இடைப்பட்ட காலத்தில் மலாயாவிலிருந்து தஞ்சாவூர் ஜில்லாவுக்குக் கடிதமோ பணமோ அனுப்ப ஒரு சாதாரணத் தோட்டத் தொழிலாளிக்கு வழியே கிடையாது. அந்த மௌனத்தை அவர் கணக்கில் எழுத முடியாது. ஆனால் அதே நோட்டில் அடுத்தடுத்த பக்கங்களையும் புரட்டுங்கள். 1950களில் அவர் மறுபடி போன பிறகு தபால் ஒழுங்காக ஓடியது, ரஜூலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று வந்து போய்க்கொண்டிருந்தது. அந்த மௌனம் அவருடையது. இரண்டையும் ஒரே மௌனமாக நினைத்துத்தான் வீட்டில் இத்தனை வருஷம் பேசியிருக்கிறார்கள்.

இதேபோல ஒப்பிட்டுப் பார்க்க உதவும் சில தேதிகள். கூலித் தொழிலாளர்களை உதவிக் கட்டணத்தில் மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு 1938இல் நிறுத்திவிட்டது, ஆகவே கங்காணி, அதாவது தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி, அழைத்துப் போனதாகச் சொன்னால் பெரும்பாலும் அதற்கு முன்பாகத்தான் இருக்கும். 1941இல் கிள்ளான் பகுதித் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்து துப்பாக்கிச் சூடு வரை போனது. கேட்ட கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும், துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் உண்டு. 1948இல் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பிறகு தொழிற்சங்கக்காரர்கள் பலரைப் பிடித்து நாடு கடத்தினார்கள். மலேசியாவில் 1969 மே கலவரத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானதால் ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர்கள் ஊர் திரும்பினார்கள். உங்கள் தாத்தா திடீரென்று வந்து நின்ற வருஷம் இவற்றில் ஒன்றோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

யாராவது "சயாமுக்கு", அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, "போனார்" என்று சொன்னால் அதைச் சாதாரணமாகக் கடந்துவிடாதீர்கள். சயாம்–பர்மா ரயில் பாதை, 415 கிலோமீட்டர், 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொஞ்ச நாள் வேலை என்று ஆசை காட்டியும் லாரியில் பிடித்துப் போட்டும் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். காலராவிலும் பசியிலும் பல்லாயிரம் பேர் செத்தார்கள். நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன, தமிழ்த் தொழிலாளிகளுக்கு அப்படிப்பட்ட பெயர்ப் பட்டியல் கிடைக்காது. அதனால் ‘ஆவணம் இல்லை’ என்பதை வைத்து ‘போகவில்லை’ என்று முடிவு கட்டாதீர்கள். எங்கள் அத்தை சொன்ன சோற்றுப் பருக்கை விஷயத்தை நான் 1943ஆம் பக்கத்துக்கு எதிரில்தான் எழுதி வைத்திருக்கிறேன். அதனால்தான் இது என்று எழுதவில்லை. பக்கத்தில் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். நீங்களும் அவருக்கு ஒரு மனநோய்ப் பெயரைச் சூட்டிவிடாதீர்கள். ராத்திரி அலறினார் என்றால் ராத்திரி அலறினார் என்று எழுதுங்கள். குணசீலத்துக்கோ ஏர்வாடிக்கோ கூட்டிப்போய் வைத்திருந்தார்கள் என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள்.

குடியையும் தேதியோடு பாருங்கள். மலாயாத் தோட்டத்தில் கள்ளுக்கடை லைசென்ஸோடு தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. இங்கே 1948இல் சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்துவிட்டது. அங்கே சம்பளத்தன்று வரிசையில் நின்று குடித்தவர் இங்கே வந்ததும் போலீஸுக்குப் பயந்து சாராயம் குடிப்பவராக ஆகிவிடுகிறார். காரைக்கால் 1954 நவம்பர் வரை பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தது, அங்கே மதுவிலக்கு கிடையாது, ஆகவே தாத்தா "அடிக்கடி காரைக்கால் போய் வருவார்" என்று அத்தை சொன்னால் எதற்கு என்று புரிந்துகொள்ள வேண்டியதுதான். இதெல்லாம் அவர் அடித்ததைக் குறைத்துக் காட்டுவதற்கு இல்லை. அவர் எப்போது, எங்கே, எதனோடு இருந்தார் என்று தெரிந்துகொள்வதற்கு.

காகிதம்

சொத்தை அழித்தவர் என்றால் ஒரு வசதி, சொத்து அழிந்ததற்குப் பத்திரம் இருக்கும். நிலத்தின் சர்வே எண்ணை வைத்து வில்லங்கச் சான்று போடுங்கள். 1970களின் நடுப்பகுதிக்குப் பிந்தையது பெரும்பாலும் பதிவுத்துறை இணையதளத்திலேயே கிடைத்துவிடும், அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுத் தேடச் சொல்ல வேண்டும், கையால் தேடுவதால் நாளாகும். சர்வே எண் மாறியிருந்தால் பழைய எண்ணையும் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் வரும் ஒவ்வொரு அடமானம், கிரயம், பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரத்துக்கும் நகல் வாங்குங்கள்.

நகல் கையில் வந்ததும் முதலில் சாட்சிக் கையெழுத்தைப் பாருங்கள். எங்கள் தாத்தா நிலத்தை அடமானம் வைத்த பத்திரத்தில் முதல் சாட்சி பாட்டியின் கூடப்பிறந்த அண்ணன். வீட்டில் சொல்லிவந்த கதை, யாருக்கும் தெரியாமல் வைத்துவிட்டார் என்பது. மச்சானே சாட்சி போட்டிருக்கும்போது அது எப்படி யாருக்கும் தெரியாமல் நடந்திருக்கும்? இந்த இடத்தில் அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வராதீர்கள், ஆனால் நோட்டில் எழுதுங்கள். இன்னொன்று, அந்தப் பத்திரங்களில் ‘குடும்ப அவசியத்துக்காகவும் முன்கடன் தீர்ப்பதற்காகவும்’ என்று எழுதியிருந்தால் அதை அப்படியே நம்பக் கூடாது. பிதிரார்ஜித சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ குடும்ப அவசியம் காட்ட வேண்டும் என்பது இந்துச் சட்டம், அதனால் பத்திர எழுத்தர் எல்லாருக்கும் அந்த வரியைப் போட்டுவிடுவார். பணம் எங்கே போனது என்று பத்திரம் சொல்லாது. யாரிடம் வாங்கினார், மீட்டாரா, எத்தனை வருஷம் இடைவெளி என்பதைச் சொல்லும்.

பழைய பத்திரத்திலும் கடிதத்திலும் தமிழ் வருஷம் இருந்தால் கவனம். ‘சர்வதாரி வருஷம் தை மாதம்’ என்றால் 1948 இல்லை, 1949 ஜனவரி–பிப்ரவரி, ஏனென்றால் வருஷம் சித்திரையில் பிறக்கிறது. அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

பாட்டி ஜீவனாம்ச வழக்குப் போட்டிருக்கலாம், யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 488ஆம் பிரிவு, 1974 முதல் 2024 வரை 125. பழைய மாஜிஸ்டிரேட் கோர்ட்டுக் கட்டுகள் அழிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் உத்தரவின் நகல் வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடக்கலாம். அதேபோல, ஏழு வருஷம் தகவல் இல்லாதவரை இறந்தவராகக் கருதச் சாட்சியச் சட்டம் இடம் கொடுக்கிறது. சொத்துப் பிரிக்க அப்படி ஒரு சிவில் வழக்கு நடந்திருந்தால் அதில் பாட்டி கொடுத்த வாக்குமூலம் இருக்கும், அவர் வாயால் சொன்னது, தேதியோடு.

ஐ.என்.ஏ.வில், அதாவது நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில், இருந்தார் என்று வீட்டில் பேச்சு இருந்தால், தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் இணையதளத்தில் தேடிப் பாருங்கள், தியாகி பென்ஷனுக்கு விண்ணப்பித்தாரா என்றும் கேளுங்கள். சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய பத்திரிகைகளை இணையத்தில் போட்டிருக்கிறது, தமிழ் முரசும் அதில் உண்டு. பெயரை ஆங்கிலத்தில் எழுதிய விதம் ஊருக்கு ஊர் மாறும், ஆகவே எல்லா மாதிரியும் போட்டுத் தேடுங்கள்.

அந்த இன்னொரு குடும்பம்

இருந்தால், அவர்களுக்கும் இவர் அப்பாவோ தாத்தாவோதான். சென்னை மாகாணத்தில் இந்துக்களுக்கு இருதார மணத்தைத் தடுத்த சட்டம் 1949இல்தான் வந்தது. மலேசியாவில் 1982 மார்ச்சில் புதிய திருமணச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை இந்துக்களின் வழக்கப்படியான கல்யாணத்துக்குப் பதிவு கட்டாயமில்லை. ஆகவே பதிவுச் சீட்டு இல்லை என்பதை வைத்து அந்த அம்மாவைக் கேவலமான சொல்லால் எழுதிவிடாதீர்கள், அதை எந்த மொழியில் அழகுபடுத்தி எழுதினாலும் படிக்கிற பேத்திக்கு வலிக்கும்.

தொடர்பு கிடைத்தால் முதல் வரியிலேயே சொத்துக்காக வரவில்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள், அவர்களுக்கு வரும் முதல் பயம் அதுதான். பாட்டியும் அத்தையும் பட்ட கஷ்டத்தை முதல் கடிதத்திலேயே கொட்டாதீர்கள். ஒரு படம் இருக்கிறதா, எங்கே அடக்கம் செய்தீர்கள் அல்லது எரித்தீர்கள், என்ன வேலை பார்த்தார், இந்தியாவைப் பற்றி ஏதாவது பேசுவாரா, இவ்வளவு போதும். உங்கள் பாட்டியின் படத்தை நீங்களும் ஒன்று அனுப்பலாம், ஆனால் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு.

எழுதும்போது

அவர் விட்டுப்போன நாளில் தொடங்காதீர்கள். அவர் பிறந்த வீட்டில், அவருடைய அப்பாவிடமிருந்து தொடங்குங்கள். அவரும் யாரோ ஒருவரிடம் அடி வாங்கிய பிள்ளையாக இருக்கலாம், பண்ணையில் மாடு மேய்த்த பையனாக இருக்கலாம். அங்கிருந்து வந்தால்தான் கப்பலேறியது ஏன் என்று வாசிப்பவருக்குப் புரியும்.

அடித்தார் என்று பார்த்தவர் சொன்னால் அடித்தார் என்று எழுதுங்கள். ‘அந்தக் காலத்தில் எல்லா ஆம்பளையும் அப்படித்தான்’ என்ற வரியைச் சேர்க்காதீர்கள். அந்தக் காலத்திலும் அடிக்காத தாத்தாக்கள் இருந்தார்கள், அத்தைக்கு அது தெரியும். மறுபக்கம், நல்லது ஏதாவது கிடைத்தால் அதைச் சங்கடப்பட்டுக்கொண்டு மறைக்கவும் வேண்டாம். எங்கள் அப்பாவுக்குப் பள்ளிக்கூடத்தில் பெயர் கொடுத்துச் சேர்த்துவிட்டது தாத்தாதான், அட்மிஷன் பதிவேட்டில் அவர் கையெழுத்து இருக்கிறது. அதை அப்பா நம்பவே இல்லை, நகலைப் பார்த்த பிறகும் நெடுநேரம் பேசவில்லை.

அத்தை ஒன்றும் அப்பா ஒன்றும் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள், யார் சொன்னது என்று சேர்த்து. நடுவில் நீங்கள் ஒரு சராசரி எடுத்துப் புதிதாக மூன்றாவது கதை ஒன்றைச் செய்ய வேண்டாம். தெரியாத வருஷங்களைத் தெரியாது என்று காலியாக விடுங்கள், ‘அந்த இரவில் அவர் கடலைப் பார்த்தபடி நின்றிருப்பார்’ என்கிற மாதிரி வரிகளால் நிரப்பாதீர்கள்.

முடித்ததும் முதல் பிரதியை அவரால் அதிகம் பட்டவருக்குக் கொடுங்கள், கண் தெரியாவிட்டால் நீங்களே படித்துக் காட்டுங்கள். அவர் எடுக்கச் சொல்வதை எடுத்துவிடுங்கள், வாதாட வேண்டாம். அதற்கப்புறம் மற்றவர்களுக்கு அச்செடுத்துக் கொடுக்கும்போது பக்க ஓரத்தில் தாராளமாக இடம் விடுங்கள், கூடவே ஒரு பேனாவையும் கொடுங்கள். ‘இது தப்பு, அப்போ நாங்க திருவாரூர்ல இருந்தோம்’ என்று சித்தி எழுதித் தருவார், அதுவும் ஆவணம்தான். பத்திர நகல்களையும் படங்களையும் ஸ்கேன் செய்து குறைந்தது இரண்டு வீடுகளில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கிவிடும், பென் டிரைவில் கொடுங்கள், ஒவ்வொரு படத்தின் பெயரிலும் வருஷத்தையும் யாருடையது என்பதையும் சேர்த்துவிடுங்கள்.